பாதி வாய்க்கு மருந்து

என் மச்சான் ஹபீபுல்லாவைப் பற்றிப் பாலக்கரையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தங்கமான மனுஷன் என்பார்கள். நானும் ஆறு வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் சம்சாரம் ஷரபுன்னிசாவுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். மாமனார் மௌத்தானபோது அவனுக்குப் பதினாறு வயது. அதற்குப் பிறகு என் வீட்டில் சாப்பிட்டு, என் சட்டையைப் போட்டு வளர்ந்தவன். இந்த முகம்மது கனி இதைச் சொல்லிக் காட்டுகிறான் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். சொல்லிக் காட்டத்தான் சொல்கிறேன்.

எனக்குத் தொழில் கல் பட்டை தீட்டுவது. மூக்குத்திக்கும் தோட்டுக்கும் வைக்கிற வெள்ளைக் கல். வைரம் இல்லை, வைரம் மாதிரி. காலையில் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். வருஷக்கணக்காக லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு கல்லில் குறை தேடுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். எதைப் பார்த்தாலும் குறைதான் முதலில் தெரியும். கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் மோதிரக் கல்லில் கீறல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. இப்படிப்பட்டவன் மச்சானிடம் மட்டும் ஒரு கீறலையும் பார்க்கவில்லை.

என் மகள் ஆரிஃபாவின் பல்லில் குறை இருப்பதையும் நான்தான் முதலில் பார்த்தேன். 1957ஆம் வருஷம். அவளுக்கு ஏழு வயது. பால் பல் விழுந்து முன்னால் புதுப் பல் முளைத்திருந்தது. வெள்ளையாக இல்லை. சுண்ணாம்பு பூசியது போல அங்கங்கே மங்கல், ஓரத்தில் பழுப்புத் திட்டு. வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, லென்ஸை வைத்துப் பின்னால் இருக்கிற கடைவாய்ப் பற்களைப் பார்த்தேன். புதிதாக வந்த நாலு பல்லும் ஊசியால் குத்தியது மாதிரி குழி குழியாக இருந்தன. சொத்தை இல்லை, பல்லே அப்படித்தான் முளைத்திருந்தது. ஒரு வயதில் அவளுக்கு அம்மை போட்டு, பின்னாலேயே காய்ச்சல் கண்டு, நாற்பது நாள் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தாள். உயிரோடு திருப்பிக் கொடுத்த அல்லாஹ்விடம் பல்லைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் மனசு அடித்துக்கொண்டது.

அப்போது ஹபீபுல்லா பல் டாக்டர் தைரியராஜிடம் உதவியாளாக இருந்தான். டாக்டர் அமெரிக்காவில் ஒரு வருஷம் படித்துவிட்டு வந்து, பாலக்கரையில் மாடியில் கிளினிக் வைத்திருந்தார். பல்லைப் பிடுங்க வேண்டுமென்றால் மட்டும் டாக்டரைத் தேடுகிற ஊரில், பிடுங்காமல் காப்பாற்றுகிறேன் என்று சொன்ன முதல் ஆள் அவர்.

"மச்சான், ஆரிஃபாவ டாக்டர்ட்ட கூட்டிட்டு வாங்க" என்றான் ஹபீபுல்லா. "புதுசா ஒரு மருந்து வச்சிருக்காரு. சின்னப் புள்ளைங்களுக்குத்தான் போடுறாரு. காசு கூட வாங்கறதில்ல."

ஏன் வாங்குவதில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மச்சான் சொல்லி வைத்ததால் நமக்கு இனாமாகக் கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் ஆரிஃபாவின் வாயை நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. என் பிள்ளைக்கு வழி இருக்கிறது என்ற சந்தோஷம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"பல்லுக்கு மேல எனாமல்னு ஒரு பூச்சு இருக்கு பாய்" என்றார். "உங்க வீட்டுல எனாமல் தட்டு இருக்குல்ல, அதுல பூச்சு பேர்ந்தா என்ன ஆகும்? உள்ள துருப்பிடிக்கும். உங்க பொண்ணுக்குப் பூச்சே பலமா வரல. விட்டா மூணு நாலு வருஷத்துல கடைவாய்ப் பல்லு எல்லாம் சொத்தையாயிடும். ஃபுளோரைடுன்னு ஒரு மருந்து இருக்கு. தண்ணியில கரைச்சுத் தடவுனா பூச்சு கெட்டிப்படும். வாரம் ஒரு தரம், நாலு வாரம். மூணு வருஷம் கழிச்சு மறுபடி நாலு தரம். நடுவுல ஆறு மாசத்துக்கு ஒருக்கா கொண்டாந்து காட்டணும். தவறக் கூடாது."

"தவற மாட்டேன் சார்" என்றேன். தவறவும் இல்லை.

வியாழக்கிழமை தோறும் ஸ்கூல் விட்டதும் கூட்டிக்கொண்டு போவேன். டாக்டர் பல்லைத் துடைத்துச் சுத்தம் செய்வார். கன்னத்துக்குள் பஞ்சுச் சுருளைத் திணித்து, ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றை ஊதிப் பல்லைக் காய வைப்பார். ஹபீபுல்லா ஒரு தட்டில் இரண்டு பாட்டிலைக் கொண்டுவந்து வைப்பான். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல், இன்னொன்றில் வெள்ளை நூல். சிவப்பு நூல் பாட்டிலிலிருந்து வலது பக்கத்துக்கு, வெள்ளை நூல் பாட்டிலிலிருந்து இடது பக்கத்துக்கு. தடவிய பிறகு நாலு நிமிஷம் வாயைத் திறந்தபடியே காய விட வேண்டும். பிள்ளை திமிறும். நான்தான் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வேன்.

"எதுக்கு ரெண்டு பாட்டில்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் மச்சான். ஒரே பாட்டில அடிக்கடி திறந்தா மருந்து வீரியம் போயிடும்" என்றான் ஹபீபுல்லா. சொல்லும்போது அவன் கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை.

மருந்து போட்ட பிறகு அரை மணி நேரம் தண்ணீர் குடிக்கக் கூடாது, எதையும் தின்னக் கூடாது, வாய் கொப்பளிக்கக் கூடாது. இதில்தான் எங்களுக்குச் சங்கடம். கிளினிக்கிலிருந்து ஆரிஃபா நேரே குர்ஆன் ஓதப் போவாள். பள்ளிவாசலுக்கு எதிர் வீட்டில் லெப்பை வீட்டம்மா தெருப் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பார். போனதும் ஒளு செய்ய வேண்டும். கையைக் கழுவி, மூன்று தடவை வாய் கொப்பளித்து, மூக்கைச் சுத்தம் செய்து, அதற்குப் பிறகுதான் குர்ஆனைத் தொடலாம். நான் ஆரிஃபாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "பள்ளிவாசல் கடிகாரத்துல அரை மணி நேரம் ஆனத பாத்துட்டுத்தான் ஒளு செய்யணும். அது வரைக்கும் சும்மா உக்காந்திரு." தலையை ஆட்டினாள்.

ஒன்றரை வருஷம் கழித்து இடது பக்கம் கீழ்ப் பல்லில் கறுப்பு விழுந்தது. ஆறே மாதத்தில் பள்ளம். அடுத்து இடது பக்கம் மேல் பல். வலது பக்கம் இரண்டும் திட்டுத் திட்டாக இருந்தாலும் கல் மாதிரி நின்றன. லென்ஸை வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரே வாய், ஒரே மருந்து, ஒரே சோறு. இது எப்படி என்று மண்டையைக் குடைந்தது. பள்ளத்தை அடைத்துவிட முடியாதா என்று டாக்டரைக் கேட்டேன். "அவசரப்பட வேணாம் பாய், இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்" என்றார். அட்டையில் எதையோ குறித்துக்கொண்டார்.

ஹபீபுல்லாவை நச்சரித்தேன். வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்டேன். ஒரு நாள் அவன் சொன்னான்: "மச்சான், அவ ஓதப் போறால்ல. அரை மணி நேரத்துக்கு முன்னாடியே ஒளு செஞ்சிருப்பா. மருந்து கழுவிட்டுப் போயிருக்கும்."

"அப்ப வலது பக்கம் ஏன் போகல?"

"கொப்பளிக்கிறப்ப இடது பக்கம் சாய்ச்சுத் துப்புற பழக்கம் இருந்தா தண்ணி அந்தப் பக்கம்தான் நிக்கும். கவனிச்சுப் பாருங்க."

கவனித்துப் பார்த்தேன். மறுநாள் ஆரிஃபா ஒளு செய்யும்போது பக்கத்தில் நின்றேன். இடது பக்கம்தான் சாய்ந்து துப்பினாள். எங்கள் வீட்டில் தண்ணீர் போகிற வாய்க்கால் இடது பக்கம் இருக்கிறது, பின்னே எந்தப் பக்கம் துப்புவாள்? இந்த யோசனை எனக்கு இப்போது வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அன்றைக்கு எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"அரை மணி நேரம் ஆகறதுக்கு முன்னாடி கொப்பளிச்சியா?"

"இல்ல அத்தா. கடிகாரத்தப் பாத்துட்டுத்தான் செஞ்சேன்."

"பொய் சொல்லாத."

"இல்லத்தா, நிசமா. அந்தப் பக்கம் அவங்க மருந்தே போடல. வெறும் தண்ணிதான் போட்டாங்க. இந்தப் பக்கம் மட்டுந்தான் உப்பாவும் கசப்பாவும் இருந்துச்சு. நீங்க மாமாவக் கேளுங்க."

அறைந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை, சுவரில் போய் மோதிக்கொண்டாள். ஒளுவைப் பற்றிப் பொய் சொன்னது ஒன்று. அந்தப் பொய்யை மறைக்கத் தாய்மாமன் மேலேயே பழி போட்டது இரண்டு. அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். அவள் சொன்னபடி மாமாவைக் கேட்கவும் செய்தேன். ஹபீபுல்லா சிரித்தான். "புள்ளைக்கு நாக்கு அந்தப் பக்கம் மரத்திருக்கும் மச்சான். அடிக்காதீங்க, பாவம்" என்றான். பார்த்தீர்களா, அவனுக்கு எவ்வளவு நல்ல மனசு.

அதற்குப் பிறகு வீட்டில் எந்தச் சாமான் காணாமல் போனாலும், பால் கொட்டினாலும், "பொய்க்காரியைக் கேளு" என்பேன். ஷரபுன்னிசா முறைப்பாள். ஆரிஃபா எழுந்து உள்ளே போய்விடுவாள். முன்பெல்லாம் சக்கரம் சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கூல் கதை அத்தனையும் சொல்கிறவள், வருவதை நிறுத்திக்கொண்டாள். வயசு ஏறுகிறது, பெண்பிள்ளைக்கு வெட்கம் வந்திருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

1960இல் இரண்டாவது சுற்று. இந்தத் தடவை விடக்கூடாது என்று நாலு வியாழக்கிழமையும் அவளை ஓத அனுப்பவில்லை. கிளினிக்கிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒளு செய்யாமல் சாயங்கால அஸர் தொழுகை தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்று ஒரு மணி நேரம் எதிரிலேயே உட்கார வைத்துக் காவல் காத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வியாழன் டாக்டர் போட்டோ ஸ்டுடியோவிலிருந்து ஆளை வரவழைத்திருந்தார். வளைந்த இரண்டு கரண்டியால் ஆரிஃபாவின் உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துப் படம் எடுத்தார்கள். மருந்து எப்படி வேலை செய்கிறது என்று வெளிநாட்டு டாக்டர்களுக்குக் காட்டுவதற்காம். என் மகளின் படம் கப்பலேறப் போகிறது என்று தெரு முழுக்கச் சொன்னேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போய்ச் சொன்னேன்.

அடுத்த வருஷம் டாக்டருக்கு மெட்ராஸில் வாத்தியார் வேலை கிடைத்துப் போய்விட்டார். கிளினிக் நாற்காலியையும் கருவிகளையும் ஹபீபுல்லாவிடமே கொடுத்துவிட்டுப் போனார். அவன் பல்செட் கட்டும் கடை வைத்தான். கடை திறந்த அன்றைக்குப் பாத்திஹா ஓதியதும் முதல் வாழைப்பழம் என் கையில்தான் கொடுத்தான். ஆரிஃபாவின் இடது பக்கப் பல்லை ஒருவரும் அடைக்கவே இல்லை.

1963, மார்கழிக் குளிர். ஆரிஃபாவின் இடது கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. கண் பாதி மூடிக்கொண்டது. ஹபீபுல்லா பார்த்துவிட்டு, இதற்கு நான் கை வைக்க முடியாது, டாக்டரிடம்தான் போக வேண்டும் என்றான். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் சடகோபன் என்று ஒரு பல் டாக்டர் இருந்தார். அவர் வீட்டு அம்மாளின் தோட்டுக்கு நான் கல் தீட்டிக் கொடுத்திருக்கிறேன். பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டும் வரைக்கும் ஆரிஃபா முந்தானையைக் கன்னத்தில் அழுத்தி, அவள் அம்மாவின் தோளில் சாய்ந்தபடி வந்தாள்.

"வாங்கோ பாய், உட்காருங்கோ" என்றார் டாக்டர். நெற்றியில் திருமண், சட்டைக்கு மேலே வெள்ளைக் கோட்டு. ஆரிஃபாவை வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். திரும்ப இடது.

"குழந்தைக்கு வலது பக்கம் மட்டும் ஃபுளோரைடு போட்டாளோ?"

"ரெண்டு பக்கமும் போட்டாங்க சாமி. எட்டுத் தடவை."

"யார், தைரியராஜா?"

"ஆமா."

அவர் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்கோ" என்று எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு இங்கிலீஷ் புத்தகம். பல் டாக்டர்களுக்காக மாதா மாதம் வருகிற பத்திரிகையாம். பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். "இந்த வாயைப் பார்த்த மாதிரி இருக்கேன்னு அப்பவே நெனச்சேன்."

அதில் ஒரு படம். மூக்குக்குக் கீழே, தாடைக்கு மேலே, வாய் மட்டும். இரண்டு கரண்டி. முன் பல்லின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு திட்டு. நூறு கல்லோடு கலந்து வைத்தாலும் நான் தீட்டிய கல்லை எடுத்துக் கொடுப்பேன். என் பிள்ளையின் பல் தெரியாதா?

"அருமையான காரியம் பண்ணிருக்கார்" என்று டாக்டர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனார். "ஐம்பத்திரண்டு கொழந்தைகள். வலது பக்கம் மருந்து, இடது பக்கம் வெறும் தண்ணி, வாலையில வடிச்ச தீர்த்தம். ஒரே வாயில ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாமோன்னோ. எனாமல் பலவீனமா இருக்கற கொழந்தைதான் இதுக்கு ரொம்பத் தோது. வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும்."

ஷரபுன்னிசா என்னைப் பார்த்தாள். நான் படத்தைப் பார்த்தேன்.

"எங்ககிட்ட அப்படிச் சொல்லலயே" என்றேன்.

அவர் நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஒங்ககிட்ட கேக்கலையா? பெத்தவா எல்லார்கிட்டயும் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்கினதா எழுதியிருக்காரே." விரலால் வரியைத் தேடினார். "இதோ. பெற்றோரிடம் பேசிச் சம்மதம் வாங்கியவரும், இரண்டு கரைசலையும் கலந்து வைத்தவருமான என் உதவியாளர் ஹபீபுல்லாவுக்கு நன்றி. அப்படீன்னு போட்டிருக்கார். இந்த ஹபீபுல்லா ஒங்களண்ட வரலையா?"

"வந்தான்" என்றேன். "என் மச்சான்."

அதற்குப் பிறகு அவர் உற்சாகம் போய்விட்டது. பத்திரிகையை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "மருந்து நல்ல மருந்துதான் பாய். அதுல தப்பில்லை. வலது பக்கமே சாட்சி" என்று மெதுவாகச் சொன்னார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு எரிந்தது. மருந்து பொய்யாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நல்ல மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே என் பிள்ளைக்குப் பாதி வாய்க்குத் தண்ணீரைத் தடவியிருக்கிறார்கள். எட்டுத் தடவை. எட்டுத் தடவையும் நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆரிஃபா எல்லாவற்றையும் கேட்டாள். வீக்கம் வடியாமல் பிடுங்கக் கூடாது என்று டாக்டர் பென்சிலின் ஊசி போட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார். இடது பக்கம் இரண்டு பல்லுமே எடுத்தாக வேண்டும்.

மறுநாள் காலை ஹபீபுல்லாவின் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பல்செட்டுகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

"வாங்க மச்சான். புள்ளைக்கு எப்படி இருக்கு?"

"வெள்ளை நூல் பாட்டில்ல என்ன இருந்துச்சு?"

அவன் கையில் இருந்த மெழுகைக் கீழே வைத்தான். மறுப்பான், சத்தியம் செய்வான், நானும் நாலு வார்த்தை கேட்டுவிட்டு அடங்கலாம் என்று எனக்குள் எங்கோ ஒரு ஆசை இருந்திருக்க வேண்டும். அவன் மறுக்கவில்லை.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு மச்சான். அம்பத்திரண்டு புள்ளைங்க. எந்தப் புள்ளையோட வீட்டுக்கும் நான் சொல்லல."

"என் புள்ள உனக்கு எந்தப் புள்ளையோவா?"

"சொல்லியிருந்தா நீங்க ரெண்டு பக்கமும் போடச் சொல்லியிருப்பீங்க."

"ஆமா."

"அதனாலதான் சொல்லல" என்றான். அவனுக்கு அது நியாயமாகவே பட்டது. "அவ பல்லு மாதிரி பல்லு வேணும்னு டாக்டர் தேடிக்கிட்டு இருந்தாரு. நான்தான் கூட்டிட்டு வந்தேன். இல்லாட்டி நாலுமே போயிருக்கும் மச்சான். பாதியாவது காப்பாத்துனேன்ல."

"ஒளு செஞ்சதாலதான் போச்சுன்னு சொன்னியே. அதையும் டாக்டர் சொல்லச் சொன்னாரா?"

அவன் பெட்டிக்குள் இருந்த பற்களைப் பார்த்தான். "நீங்க விடாம கேட்டுக்கிட்டே இருந்தீங்க. ஏதாவது ஒண்ணு சொல்லணும்ல."

இதுதான் காரணம். நான் கேட்டேன், அவன் ஏதாவது ஒன்று சொன்னான். அந்த ஏதாவது ஒன்றுக்காக ஒன்பது வயதுப் பிள்ளையைச் சுவரில் மோத அறைந்தேன். நாலு வருஷம் பொய்க்காரி என்று கூப்பிட்டேன். அல்லாஹ்வுக்காக வாய் கொப்பளித்ததைக் குற்றம் என்று சொல்லி ஓத விடாமல் நிறுத்தி வைத்தேன். ஹபீபுல்லாவின் தொண்டையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்று இருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று அடுத்தவன் வீட்டு விஷயத்துக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சொந்த வீட்டில் நடக்கும்போது பழமொழி ஒன்றுக்கும் ஆகாது.

கடைக்குப் பின்னால்தான் அவன் வீடு. என் குரல் கேட்டு அவன் மகள் நசீரா டீ கொண்டுவந்தாள். ஆரிஃபாவுக்கு மூன்று மாதம் இளையவள். "ஆரிஃபாவுக்கு வீக்கம் குறைஞ்சிருச்சா மாமா?" என்று கேட்டுச் சிரித்தாள். முத்து மாதிரி பல்.

"உனக்கும் சின்ன வயசுல பல்லுக்கு மருந்து போட்டாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"நசீரா, உள்ள போ" என்றான் ஹபீபுல்லா.

"போட்டாங்க மாமா. அத்தா பாட்டிலை வீட்டுக்கே எடுத்துட்டு வந்து போட்டு விடுவாங்க. அய்யே, ஒரே கசப்பு."

"எந்தப் பக்கம் கசந்துச்சு?"

அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தது. "ரெண்டு பக்கமும்தான்" என்றது.

டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவன் மேல் கை நீட்டவில்லை. நசீரா நின்றுகொண்டிருந்தாள், அதனால் நீட்டவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் ஷரபுன்னிசா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தம்பி என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அன்றைக்கே அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

ஆரிஃபா ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து ஸ்கூல் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வரும் வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"மாமா எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரும்மா."

"ம்."

"நீ அன்னைக்குச் சொன்னது அவ்வளவும் நெசம்தான். நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

"ம்" என்றாள். மையைத் தொட்டு அடுத்த வரியை எழுதினாள். கன்னம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. அவள் அழுதிருந்தால் சேர்ந்து அழுதிருப்பேன். கத்தியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். எழுதிக்கொண்டிருக்கிறவளிடம் என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனேன். ஆனாலும் பெரிய பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது. கெடுத்தவன் யார் என்று தெரிந்துவிட்டது, பிள்ளையிடம் தப்பையும் ஒத்துக்கொண்டாயிற்று, இனி எல்லாம் சரியாகும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மூன்று பேரும் மறுபடி ஸ்ரீரங்கம் போனோம். டாக்டர் சடகோபன் கருவிகளைக் கொதிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்துத் துணியில் அடுக்கினார். ஊசி போட்டு மரத்த பிறகுதான் பிடுங்குவேன், வலிக்காது என்று ஆரிஃபாவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "குழந்தை அசையாம இருக்கணும். நீங்க இப்படி வந்து கையைப் பிடிச்சுக்கோங்கோ" என்றார்.

நான் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு போனேன். பழக்கப்பட்ட வேலைதானே. நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து கையை நீட்டினேன். ஆரிஃபா தன் இரண்டு கையையும் தாவணிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் டாக்டர்" என்றாள். "அம்மா பிடிச்சுக்கட்டும். அத்தா வெளியில இருக்கட்டும்."

"ஏம்மா, நான்தானே எப்பவும் பிடிப்பேன்" என்றேன்.

அவள் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"ஆமாத்தா. யாரு என்ன செஞ்சாலும் நீங்க என் கையத்தான் பிடிப்பீங்க."

டாக்டர் கருவித் துணியைச் சரி செய்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். ஷரபுன்னிசா என்னைத் தாண்டி வந்து மகளின் பக்கத்தில் நின்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு வீதிக்கு வந்தேன். பின்னால் கதவைச் சாத்தினார்கள்.